பந்தி, தண்ணீர், கூலி: கரிசல் சீமையில் கிறிஸ்தவ விசுவாசத்தின் அளவுகோல்கள்

ஒரு வீடு கிறிஸ்தவ வீடு என்பதை அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்தில் கண்டுபிடிப்பது எளிது. நிலைக்கு மேலே சிலுவை இருக்கும். சுவரில் வசன காலண்டர் தொங்கும். பிள்ளைகளின் பெயர் சொல்லிவிடும். ஞாயிறு காலையில் குடும்பமே வேதக்கோயிலுக்குக் கிளம்பும். இவை அடையாளங்கள். அந்த வீட்டுக்காரர் திங்கட்கிழமை கடையில் எப்படி நிறுக்கிறார், காட்டு வேலைக்கு வந்தவருக்கு எந்தச் செம்பில் தண்ணீர் கொடுக்கிறார், மகனுக்குப் பெண் எடுக்கும்போது என்ன கேட்கிறார் என்பவை வேறு கணக்கு. விசுவாசம் நடத்தையில் தெரிய வேண்டும் என்று எல்லாச் சபைகளும் போதிக்கின்றன. எந்த நடத்தையில் தெரிய வேண்டும் என்பதில்தான் நானூறு ஆண்டுகளாக விவகாரம் ஓய்ந்தபாடில்லை. அந்த விவகாரத்தை இந்த வறண்ட சீமையையும் அதை ஒட்டிய ஊர்களையும் வைத்துத் திரும்பிப் பார்க்கிறது இக்கட்டுரை.

ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை; அதிலும் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில் பெய்து முடிந்துவிடும். திருச்சுழியைத் தொட்டு ஓடும் குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும். பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, மல்லி என்று வானம் பார்த்த வெள்ளாமை. கண்மாய் வற்றினால் சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பது பிழைப்பு. அருப்புக்கோட்டை நகரத்துக்குத் தறி உண்டு. கிராமங்களுக்கு அதுவும் கிடையாது. 2018இல் ஒன்றிய அரசு நாடு முழுவதும் பின்தங்கிய மாவட்டங்களைப் பட்டியலிட்டபோது தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றவை விருதுநகரும் இராமநாதபுரமும் மட்டுமே. இப்படிப்பட்ட ஊரில் ஒருவருடைய நல்லொழுக்கம் பெரும்பாலும் மூன்று இடங்களில் சோதிக்கப்படுகிறது: யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார், யாருக்குத் தண்ணீர் விடுகிறார், யாருக்கு எவ்வளவு கூலி கொடுக்கிறார். வரலாற்றையும் இந்த மூன்றை வைத்தே படிக்கலாம்.

துறவியின் ஒழுக்கம்

1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நோபிலி, போதனைக்கு முன்னே வாழ்க்கைமுறையை வைத்தவர். காவி உடுத்தினார், புலால் விலக்கினார், தமிழும் வடமொழியும் கற்றார். வேதத்தைச் சொல்பவன் சுத்தமானவனாக வாழ்ந்தால்தான் மேல்சாதியார் காது கொடுப்பார்கள் என்பது அவர் கணிப்பு. அந்தக் கணிப்புக்கு ஒரு விலையும் இருந்தது. சாதி ஆசாரத்தை உலக வழக்கம் என்று அவர் ஒப்புக்கொண்டதால், மேல்சாதியாருக்கு ஒரு வகைத் துறவியும், மற்றவர்களுக்காக 1640 முதல் பண்டாரசாமிகள் என்ற வேறு வகைத் துறவியும் தேவைப்பட்டார்கள். மதுரை மிஷனில் ஒரே விசுவாசத்துக்கு இரண்டு பந்தி போட்ட கதை இங்கே தொடங்குகிறது.

அடுத்த தலைமுறையில் வந்த அருளானந்தர் என்னும் ஜான் தெ பிரிட்டோவின் மரணத்தை வேதசாட்சி மரணமாக மட்டுமே நினைவுகூர்கிறோம். அதற்குக் காரணமாக அமைந்தது ஒரு வீட்டுக் காரியம். மறவர் சீமையின் தலைவர்களில் ஒருவரான தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற விரும்பினார். அதற்கு முன் ஒரு மனைவியைத் தவிர மற்றவர்களை விலக்கிவிட வேண்டும் என்று பிரிட்டோ நிபந்தனை வைத்தார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் இராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். முறையீடு அரண்மனைக்குப் போயிற்று. 1693 பிப்ரவரி 4இல் ஓரியூரில் பிரிட்டோவின் தலை வெட்டப்பட்டது. 1947இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. புதிய விசுவாசம் கும்பிடும் சாமியை மாற்றியதோடு நின்றிருந்தால் அரண்மனை இவ்வளவு சினந்திருக்காது. குடும்பத்தையும் உறவு முறையையும் அது தொட்டபோதுதான் வாள் உருவப்பட்டது. அதே சமயம், விலக்கப்பட்ட அந்தப் பெண்கள் எதை நம்பி வாழ்வது என்ற கேள்விக்கு அன்றைய போதனையில் சரியான விடை இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒருவர் கடைப்பிடிக்கும் ஒழுக்கத்தின் சுமை இன்னொருவர் தலையில் இறங்குவது இந்த வரலாற்றில் பலமுறை நடக்கிறது.

கோவில்பட்டிக் கரிசலில் காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதினார். உபதேசியார்கள் எப்படி வாழ வேண்டும் என்பதே அந்நூலின் பொருள். ஊருக்கு ஒரு குருவானவர் இல்லாத காலம் அது. கிராமத்தார் கண்ணால் கண்ட கிறிஸ்தவம் உபதேசியாருடைய நடத்தைதான். அவர் பொய் சொன்னால் வேதமே பொய். இந்த அளவில் கத்தோலிக்கத் துறவு மரபு தனிமனித ஒழுக்கத்தை மிக உயரத்தில் வைத்தது. பந்தி மட்டும் பிரிந்தே இருந்தது.

பந்தியில் வைத்த சோதனை

1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள் இந்த இடத்தில்தான் முரண்டு பிடித்தார்கள். அமெரிக்க மதுரை மிஷன் என்று பெயர் பெற்ற அந்தப் பணி மதுரை, திண்டுக்கல், திருமங்கலம், பசுமலை என்று விரிந்து, 19ஆம் நூற்றாண்டின் நடுவில் திருச்சுழிப் பக்கத்து மண்டபசாலைக்கு வந்தது. ஹோரஸ் டெய்லர் அங்கே தங்கிப் பணியாற்றினார். பின்னர் அருப்புக்கோட்டையும் ஒரு நிலையமாயிற்று. இன்றைக்கும் பெரிய ஊர் என்று சொல்ல முடியாத மண்டபசாலையின் பெயர் அமெரிக்காவில் அச்சான மிஷன் ஏடுகளில் ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்தது.

சாதியை விடாதவர் சபையில் இருக்க முடியாது என்று அந்த மிஷன் 1847இல் உறுதியாக நின்றது. சாதியை விட்டதற்கு வாய்ச்சொல்லை அது சான்றாக ஏற்கவில்லை. எல்லாச் சாதியாரும் ஒன்றாக உட்கார்ந்து உண்பதையே சான்றாகக் கேட்டது. உபதேசியார்களும் ஆசிரியர்களும் பலர் வேலையை உதறிவிட்டுப் போனார்கள். 1850இல் சென்னையில் கூடிய மிஷனரி மாநாடும் இதே நிலைப்பாட்டை எடுத்தது. லைப்சிக் லூத்தரன் மிஷனார் உடன்படவில்லை. படிப்படியாக மாறட்டும் என்றார்கள். கட்டாயப்படுத்திச் சோறு ஊட்டுவது சாதியை ஒழிக்குமா, ஒளிக்குமா என்பது அவர்கள் எழுப்பிய நியாயமான ஐயம்.

பின்னால் நடந்ததைப் பார்த்தால் இரு தரப்பிலும் உண்மை இருந்தது. ஒரு வேளை அன்பின் விருந்தில் கை நனைத்துவிட்டு, பெண் கொடுக்கல் வாங்கலைச் சாதிக்குள்ளேயே வைத்துக்கொள்ள மக்கள் கற்றுக்கொண்டார்கள். பந்தி பொதுவாயிற்று, சம்பந்தம் பொதுவாகவில்லை. ஆனாலும் ‘விசுவாசத்தை எதில் அளப்பது’ என்ற கேள்விக்கு மனப்பாடமும் ஜெபமும் போதாது, உண்ணும் இலையில் அளக்க வேண்டும் என்று ஒரு சபை துணிந்து சொன்னது சிறிய காரியமல்ல.

1876–78 பெரும்பஞ்சம் இந்தக் கேள்விக்கு இன்னொரு முகம் கொடுத்தது. தென் மாவட்டங்களில் கூட்டம் கூட்டமாக மக்கள் வேதத்தில் சேர்ந்தார்கள். சோற்றுக்குச் சேர்ந்தவர்கள் என்ற ஏச்சு அவர்களை நெடுங்காலம் துரத்தியது. பசித்தவன் சோறு போட்ட கையை நம்புவதில் இழிவு எதுவும் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி சோறு போட்டவர்களைப் பற்றியது: பஞ்சம் தீர்ந்தபின் அந்த மக்களைச் சமமாக நடத்தினார்களா?

கைப்பிடி அரிசியும் மகமையும்

கிராமச் சபைகளில் வளர்ந்த பழக்கங்களில் எளிமையானது கைப்பிடி அரிசிக் காணிக்கை. உலை வைக்க அரிசி அளக்கும்போது வீட்டுப் பெண் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவாள். வாரக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும். அறுப்பின் பண்டிகையில் கம்பும் பருத்தியும் கோழியும் படைத்து ஏலம் விடுவார்கள். அசனத்தில் ஊரே உண்ணும். இல்லாதவர் வீட்டிலிருந்தும் கொடுக்கிற கை ஒன்று உருவானது இவற்றின் பெரிய பலன். வாங்கிப் பழகிய சபை கொடுத்துப் பழகிற்று. அந்தக் கொடையைத் தொடங்கியவர்கள் அடுப்படியில் நின்ற பெண்கள். படித்த பெண் ஊழியர்களை வீடு வீடாக அனுப்புவதற்கென்றே அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஈவா ஸ்விஃப்ட் 1892இல் மதுரையில் ஒரு வேதாகமப் பள்ளியைத் தொடங்கினார். வாசிக்கத் தெரிந்த பெண் ஒருத்தி தெருவில் நடந்து போவதே அன்றைக்கு ஒரு பிரசங்கம்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. சிக்கனம், சுத்தக் கணக்கு, உழைப்பு, கல்வி ஆகியவற்றைக் கிறிஸ்தவத்தின் கனிகளாகக் காட்டுவது மிஷன் எழுத்துகளின் வழக்கம். சமயச் சீர்திருத்தத்தையும் முதலாளியத்தையும் இணைத்து மாக்ஸ் வேபர் 1904–05இல் எழுதிய கட்டுரைகளும் அந்த எண்ணத்துக்கு வலுவூட்டின. அருப்புக்கோட்டை அதை மறுக்கிறது. அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, விருதுநகர், சிவகாசி முதலிய ஊர்களின் இந்து நாடார்கள், உறவின்முறை அமைத்து, விற்கும் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை வசூலித்து, பள்ளிகளும் கிணறுகளும் பேட்டைகளும் கண்டார்கள். விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலை 1889இல் எழுந்தது. மதம் மாறாமலே ஒரு சமூகம் சிக்கனத்திலும் பொதுக்கொடையிலும் எடுத்துக்காட்டாக நின்றது. திருச்சுழியில் 1879இல் பிறந்த வேங்கடராமன் மதுரை அமெரிக்கன் மிஷன் பள்ளியில் படித்தார். பிற்பாடு திருவண்ணாமலையில் ரமண மகரிஷியாகி, எளிமைக்குப் பெயர் பெற்றார். ஆகவே, குடிக்காமல் இருப்பதும் கடன் வைக்காமல் இருப்பதும் பிள்ளைகளைப் படிக்க வைப்பதும் நல்ல பழக்கங்கள். அவற்றைக் கிறிஸ்தவத்தின் தனிச் சொத்தாகச் சபைகள் எழுதி வைத்துக்கொள்ள முடியாது.

சபையே விளக்கவுரை

1947 செப்டம்பரில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மதுரை – இராமநாதபுரம் பேராயத்தின் முதல் பேராயராக 37 வயது லெஸ்லி நியூபிகின் பொறுப்பேற்றார். அருப்புக்கோட்டையும் மண்டபசாலையும் அவருடைய எல்லைக்குள் வந்தன. 1959 வரை அவர் கிராமம் கிராமமாகச் சுற்றினார். அந்த அனுபவத்தில் எழுதிய ‘சவுத் இந்தியா டயரி’ 1951இல் வெளியாயிற்று. சம்பளம் வாங்கும் போதகரை நம்பியிருக்கும் ஏழைச் சபைகள் தம் ஊர் விவசாயியையும் கூலிக்காரரையும் தலைவர்களாக்கிக்கொள்ள வேண்டும் என்று அவர் வாதாடினார்.

முதுமையில் இங்கிலாந்திலிருந்து 1989இல் எழுதிய ‘பன்மைச் சமூகத்தில் நற்செய்தி’ என்ற நூலில், நற்செய்திக்கு நம்பத்தக்க ஒரே விளக்கவுரை அதை நம்பி வாழும் உள்ளூர்ச் சபைதான் என்ற கருத்தை அவர் முன்வைத்தார். உலக இறையியல் மாணவர்கள் இன்று படிக்கும் அக்கருத்தின் பின்புலத்தில் தமிழ்நாட்டு ஓலைக்கூரைச் சபைகளில் கழிந்த ஆண்டுகளும் உண்டு. கருத்து அழகானது, ஆனால் இரு பக்கமும் வெட்டக்கூடியது. சபையின் வாழ்வே விளக்கவுரை என்றால், சபைக்குள் சாதி இருக்கும்போது ஊரார் படிப்பதும் அதைத்தான்.

கல்லுப்பட்டிக் குடிசை

அருப்புக்கோட்டைக்கு வடமேற்கே பேரையூர்ப் பக்கத்தில் தே.கல்லுப்பட்டி. அங்குள்ள காந்தி நிகேதனில் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தவர் ஜே.சி. குமரப்பா. 1892இல் தஞ்சையில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, லண்டனில் கணக்காய்வும் நியூயார்க்கில் பொருளாதாரமும் படித்து, மேல்நாட்டு உடையையும் வருமானத்தையும் விட்டுக் கதருக்கு வந்தவர். 1930இல் சத்தியாகிரகிகள் மீது அரசு தடியடி நடத்தியபோது, திருச்சபை ஏன் வாய் திறக்கவில்லை என்று ஆங்கிலிக்கத் தலைமைப் பேராயர் வெஸ்ட்காட்டுக்கே பகிரங்கமாக எழுதிக் கேட்டார். இயேசுவின் போதனையையும் நடைமுறையையும் பற்றி அவர் சிறையில் எழுதிய நூல் 1945இல் வெளிவந்தது.

குமரப்பாவின் வாதம் இந்த விவகாரத்தையே திருப்பிப் போட்டது. ஒரு கிறிஸ்தவர் பொய் சொல்கிறாரா, குடிக்கிறாரா என்று பார்ப்பதோடு நிற்காதே; அவர் வாங்கும் பொருள் யார் வயிற்றில் அடித்து உருவானது என்று பார். மலிவாக வாங்குபவனும் அதைச் செய்தவனின் கூலிக்குப் பொறுப்பாளி. இதன்படி சந்தைக்குப் போவதும் ஆராதனையின் பகுதியாகிறது. 1960 ஜனவரி 30இல், காந்தி நினைவு நாளில், அவர் மறைந்தார்.

அதே அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த ரிச்சர்டு கெய்த்தானும் இந்த வழியில் வந்தவர். காந்தியின் பக்கம் சாய்ந்ததற்காக 1930இலும் 1944இலும் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. திரும்பி வந்து திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களிலேயே வாழ்ந்தார். கத்தோலிக்கர் தரப்பில் சருகணியில் 1973இல் மறைந்த பிரெஞ்சுத் துறவி லூயி லெவேயின் எளிய வாழ்வை மறவர் சீமை மக்கள் இன்றும் பேசுகிறார்கள். இவர்களை மதிக்காத சபை இல்லை. பின்பற்றிய சபைகள் குறைவு. குமரப்பாவைக் காந்தியவாதி என்று கதர்க்கடைக்கு அனுப்பிவிட்டு, திருச்சபை தன் பொருளாதாரப் பாடத்தைப் படிக்காமலே விட்டது.

புதுப்பட்டியின் சாட்சியம்

இந்த விசாரணையில் கடுமையான சாட்சியம் விருதுநகர் மாவட்டத்திலிருந்தே வந்தது. வத்திராயிருப்பை ஒட்டிய புதுப்பட்டியில் தலித் கத்தோலிக்கக் குடும்பத்தில் 1958இல் பிறந்த பாமா, கன்னியர் சபையில் சேர்ந்து ஏழாண்டுகள் இருந்து வெளியே வந்தார். 1992இல் வெளியான அவருடைய ‘கருக்கு’, ஏழைகளுக்குச் சேவை என்று வாக்குக் கொடுத்த மடம் வசதியுள்ளவர் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்துவதையும், கோயிலுக்குள் சாதி ஆள்வதையும் தெருப்பேச்சில் போட்டு உடைத்தது. அவருடைய அண்ணன் ராஜ் கௌதமனின் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ 2002இல் வந்தது. படித்த தலித் கிறிஸ்தவ இளைஞன் வேலைக்காக மதத்தையே மாற்றிக்கொள்ளும் நெருக்கடியை அங்கதமாகச் சொன்னது.

அந்த நெருக்கடி கற்பனையல்ல. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் வைத்தது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விரித்தது. கிறிஸ்தவருக்கு இன்றளவும் இல்லை. அதனால் சான்றிதழில் ஒரு பெயரும் கோயில் பதிவேட்டில் இன்னொரு பெயருமாக வாழும் குடும்பங்கள் பல. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று உரிமை கோருவதை அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்றது. உண்மை பேசுவது கிறிஸ்தவ ஒழுக்கம் என்றால் இவர்கள் பொய்யர்களா? ஊரில் தீண்டாமை மதம் பார்க்கவில்லை. சலுகை மட்டும் மதம் பார்க்கிறது. ஞானஸ்நானத்துக்குப் பின்னும் ஊரின் கடைசித் தெருவில் குடியிருப்பவரிடம் மட்டும் வாய்மைக்கான முழு விலையைக் கேட்பது அநீதி.

சபைக்குள் நிலைமை எப்படி? 2008 மார்ச்சில் அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் கத்தோலிக்கருக்குள்ளேயே சாதி மோதல் எழுந்து, காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தைச் சாதிச் சுவர் பிரித்து நிற்பது நாடறிந்த செய்தி. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டபோது, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதைத் தானே ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொள்ளவே நானூறு ஆண்டுகள் பிடித்திருக்கிறது.

மாற்று வழி காட்டியவர்களும் உண்டு. மதுரை அரசரடியில் 1969இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த தியோஃபிலஸ் அப்பாவு, பறட்டை என்ற பெயரில் நாட்டுப்புற மெட்டில் பாட்டுக் கட்டியவர். ஒரே உலையில் சமைத்து எல்லோரும் உண்பதே திருவிருந்தின் பொருள் என்று அவர் கற்பித்தார். நற்கருணைக் கிண்ணத்தைக் கஞ்சிப் பானையோடு சேர்த்து வைத்த இறையியல் அது. 1847இல் மேலிருந்து சட்டமாக வந்த சமபந்தி, இவரிடம் கீழிருந்து பாட்டாக எழுந்தது.

கணக்கு முடிக்கும்போது

நான்கு நூற்றாண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு போக்கு துலங்குகிறது. செய்பவரின் மதிப்பை ஊரில் உயர்த்தும் ஒழுக்கங்கள் வேரூன்றிவிட்டன: குடி விடுதல், படிப்பு, சுத்தம், காணிக்கை, குடும்ப ஜெபம். அவரது மதிப்பையோ வரும்படியையோ குறைக்கும் ஒழுக்கங்கள் தயங்கி நிற்கின்றன: சாதி கடந்த சம்பந்தம், வரதட்சணை வாங்காமை, நியாயக் கூலி, கந்துவட்டி விடாமை, கிணற்றுத் தண்ணீரைப் பங்கிடுதல். சபையின் ஒழுங்கு நடவடிக்கைகளும் பெரும்பாலும் முதல் பட்டியலோடு நின்றுவிடுகின்றன. குடித்தவருக்குத் திருவிருந்து நிறுத்தப்பட்டதுண்டு. கூலியைக் குறைத்தவருக்கோ நூறு பவுன் கேட்டு வாங்கியவருக்கோ நிறுத்தப்பட்டது அபூர்வம். வாங்கிய வரதட்சணையில் தசமபாகத்தைப் பெற்றுக்கொண்டு ஸ்தோத்திரம் சொல்லும் சபைக்கு இதைப் பேசும் தைரியம் எங்கிருந்து வரும்?

கருணையில் திருச்சபைகளுக்குக் குறைவில்லை. பள்ளியும் விடுதியும் மருத்துவமனையும் தந்ததை இந்தச் சீமை மறக்கவில்லை. கருணை, கொடுப்பவரை மேலேயே வைத்திருக்கிறது. நீதி அவரைக் கீழே இறங்கி வந்து பந்தியில் உட்காரச் சொல்கிறது. சுவிசேஷத்தில் சகேயுவின் மனந்திரும்புதல், அநியாயமாக வாங்கிய பணத்தை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாக அவன் சொன்னதில்தான் வெளிப்பட்டது.

அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சபைகள் ஆண்டுக் கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கின்றன. அதோடு வேறு நான்கு கணக்குகளையும் வாசிக்கலாம். நம் கல்லறைத் தோட்டத்தில் எல்லோருக்கும் ஒரே வரிசையா? நம் கமிட்டியில் எந்தத் தெருக்காரர் ஒருபோதும் வந்ததில்லை? கோயிலைப் பெருக்குபவருக்கும் சபைப் பள்ளியின் ஆயாவுக்கும் அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி கிடைக்கிறதா? இந்த ஆண்டு நடந்த கல்யாணங்களில் எத்தனை வரதட்சணை இல்லாமல் நடந்தன? இவற்றுக்கு விடை சொல்ல இறையியல் பட்டம் வேண்டாம். பதிவேடும் நேர்மையும் போதும். அந்த விடைகளை வெளிப்படையாக வாசிக்கத் துணியும் சபைக்கு ஊரார் காது கொடுப்பார்கள். துணியாத சபை எத்தனை ஒலிபெருக்கி கட்டினாலும், ஊரார் அதன் பிரசங்கத்தை விட்டுவிட்டு அதன் பந்தியைத்தான் பார்ப்பார்கள். பார்ப்பதில் தவறும் இல்லை.